காலந்தாழ்த்தி வரும் வெப்பம்

விடியற்காலை நான்கரை மணிக்குக் கிணற்று நீரை முகந்து முகத்தில் அறைந்துகொண்டால் அது வெதுவெதுப்பாக இருக்கும். அதே கிணற்றில் பிற்பகல் இரண்டு மணிக்குப் படியிறங்கிக் காலை நனைத்தால் உடம்பு சிலிர்க்கும். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே, மேய்ச்சல் காடுகளின் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் சித்திரை மாதத்தில் இதைக் கண்டு வியந்திருக்கிறோம். "கெணத்துக்குள்ள ஒருத்தி குடியிருக்கறா சாமி. ராத்திரியில அடுப்பப் பத்த வெச்சுட்டு, வெடிஞ்சதும் அணைச்சுப்போடறா" என்பார் அப்பத்தா. அந்த அடுப்பைத் தேடிக் கடைசிப் படிவரை போய் எட்டிப் பார்த்த நாள்கள் உண்டு.

கிணற்றுக்குள் அடுப்பு இல்லை. ஆழத்து நீர் இரவிலும் பகலிலும் ஏறத்தாழ 27, 28 பாகை செல்சியசு அளவிலேயே அசையாமல் நிற்கிறது. மாறுவது வெளிக்காற்று. விடியலில் அது 25 பாகைக்கு இறங்கியிருக்கும். பிற்பகலில் 38, 39 என்று ஏறியிருக்கும். நம் தோல் வெப்பமானி அன்று, ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. சற்று முன் தொட்டதைவிட இப்போது தொடுவது சூடா, குளிரா என்பதை மட்டுமே அது சொல்லும். ஆகவே நீர் மாறியதாகத் தோன்றுவது நாம் மாறியதனால்.

நீர் ஏன் மாறவில்லை என்ற கேள்விக்கு விடை மண்ணில் இருக்கிறது. வெயில் நிலத்தின் மேற்பரப்பைச் சுடுகிறது. சித்திரை நண்பகலில் வெற்று நிலத்தின் மேல்தோல் 60 பாகையைத் தொடுவது புதுமையன்று. செருப்பில்லாமல் களத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூடு கீழே இறங்குகிறது, ஆனால் மிக மெல்ல இறங்குகிறது. இறங்க இறங்கத் தேய்கிறது. இறங்க இறங்கத் தாமதமும் ஆகிறது. காய்ந்த மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்கு வந்து சேரும்போது பகலிரவு ஏற்ற இறக்கம் மேற்பரப்பில் இருந்ததில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். மேலே உச்சம் ஒரு மணிக்கு என்றால், ஒரு சாணுக்குக் கீழே உச்சம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு. இரண்டு சாண் தோண்டினால் நூறில் ஒரு பங்குதான் எஞ்சும். அதுவும் மறுநாள் விடியலில் வந்து சேரும். மேலே வீசுவது குளிர்ந்த வைகறைக் காற்று. கீழே அப்போதுதான் நேற்றைய நண்பகல்.

நாளுக்கு உள்ள இந்த விதி ஆண்டுக்கும் உண்டு. ஏற்ற இறக்கம் எவ்வளவு மெதுவாக நிகழ்கிறதோ அவ்வளவு ஆழம் அது இறங்கும். ஆழம் கால அளவின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. 365 நாளுக்கு மூலம் 19. ஆகவே ஒரு நாளின் சூட்டுக்கு ஒரு சாண் செய்கிற வேலையை ஓராண்டின் சூட்டுக்குப் பத்தொன்பது சாண், அதாவது பதினான்கு அடி மண் செய்கிறது. அந்த ஆழத்துக்குச் சித்திரை வெப்பம் போய்ச் சேர நான்கு மாதத்துக்கு மேலாகும். மேலே புரட்டாசி பிறக்கும் நேரத்தில் பதினான்கு அடிக்குக் கீழே கோடை உச்சத்தில் இருக்கும், அதுவும் மிக மெலிந்த கோடையாக. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையைக் குடைந்து அறுபதடி, எண்பதடி இறக்கியவை. அங்கே பருவம் என்ற ஒன்றே போய்ச் சேர்வதில்லை. ஆண்டின் சராசரி மட்டுமே அங்கே குடியிருக்கிறது. அப்பத்தா சொன்ன அந்த ஒருத்தி அவள்தான் போலும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக் கோடைகால வேலைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வெயிலின் கடுமையைப் பேசுவார்கள். உழைப்பின் கடுமையைப் பேசுவார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்த வேலைகள் எந்த வரிசையில், எந்த நேரத்தில் நடந்தன என்பதை உற்று நோக்கினால் வேறொன்று தெரிகிறது. வெப்பம் எங்கும் உடனே வருவதில்லை. மண்ணுக்கு ஒரு தாமதம், கூரைக்கு ஒரு தாமதம், மாட்டின் வயிற்றுக்கு ஒரு தாமதம், வானத்துக்கே ஒரு தாமதம். எங்கள் முன்னோர் கடிகாரம் இல்லாமல் அந்தத் தாமதங்களை அளந்து வைத்திருந்தார்கள். அளவு ஏட்டில் இல்லை. வேலை வரிசையில் இருந்தது.

வானத்தின் தாமதத்தை முதலில் பார்ப்போம். காங்கேயம் 11 பாகை வடக்கு அகலக்கோட்டில் இருக்கிறது. கதிரவன் அதன் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில். அதன்பின் அது வடக்கே விலகிவிடும். மே நடுவில் நண்பகல் நேரத்தில் களத்து மேட்டில் நட்ட பத்தடிக் கம்பத்தின் நிழலைப் பாருங்கள். ஒன்றேகால் அடிக்குச் சற்று மிகுந்து தெற்கே விழும். ஆண்டின் பிற மாதங்களில் வடக்கே விழுந்து பழகிய நிழல் இப்போது திசை மாறியிருக்கும். வீட்டின் வடக்குத் திண்ணைக்கு வெயில் எட்டிப் பார்ப்பதும், அங்கே கட்டிய கன்றைத் தெற்குப் பக்கம் மாற்றிக் கட்டுவதும் இதனால்தான். அந்த நண்பகலும் எங்கள் ஊரில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. இந்தியச் சீர்நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டைச் சார்ந்தது. நாங்கள் ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். மே மாதத்தில் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12 மணி 16 நிமையம் காட்டும்.

கதிரவன் ஏப்ரலிலேயே தலைக்கு மேல் வந்துவிட்டுப் போகிறது. ஆனால் கொடிய நாள்கள் மே மாதத்தில். நிலமும் அதன் மேலுள்ள காற்றும் வாங்கிய வெப்பத்தைச் சேர்த்து வைப்பதால் இந்த இடைவெளி. வரவு செலவைவிட மிகுதியாக இருக்கும் வரை சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு நாளிலும் இதுவே நடக்கிறது: உச்சிவேளை பன்னிரண்டேகால், காற்றின் உச்ச வெப்பமோ இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே.

மக்கள் வழக்கில் கோடையின் உச்சம் கத்திரி வெயில், அக்கினி நட்சத்திரம். கதிரவன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைவது முதல் உரோகிணியின் முதல் பாதத்தைக் கடப்பது வரை, மே 4 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 25 நாள். இது விண்மீனை வைத்துக் கணித்த நாள். பருவமோ புவி அச்சின் சாய்வைப் பொறுத்தது. அச்சு மெல்லத் தலையாட்டிச் சுழல்வதால் இவ்விரண்டு கணக்குகளும் எழுபது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் விலகுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் அதே விண்மீன் கணக்கு, பருவத்தில் இரு கிழமை முந்தியிருந்தது. கதிரவன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்த நாள்களை ஒட்டியே தொடங்கியிருக்கும். இன்று அது வெப்பம் உண்மையில் உச்சம் தொடும் நாள்களோடு ஒத்துப்போவது நம் காலத்துப் பொருத்தம். பஞ்சாங்கத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. எதை எது அளக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். கோடையில் தோட்டத்தின் நாள் நான்கு மணிக்குத் தொடங்கும். காற்றின் வெப்பம் மிகக் குறைவது கதிரவன் எழுவதை ஒட்டிய நேரத்தில். அதற்கு முன்னும் பின்னும் உள்ள மூன்று மணி நேரம்தான் உழைப்புக்கு இயற்கை தரும் இடம். கட்டுத்தரையில் சாணம் வாரி எருக்குழியில் கொட்டுவது, பால் கறப்பது, வாசல் தெளிப்பது, குடிநீர் இறைப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மின்மோட்டார் வருவதற்கு முன் அப்பாரு எருது பூட்டிக் கவலையில் நீர் இறைத்த காலத்தில், எருதுகள் பின்னிரவிலேயே வாரியில் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள். எருதின் மூச்சுக்காக மட்டுமன்று அது. வாய்க்காலில் ஓடும் நீரில் ஒரு பகுதி வெயிலேறிய பின் வழியிலேயே ஆவியாகப் போய்விடும். விடியலில் பாய்ச்சிய நீர் வேரடியில் இறங்கி, மேல்மண்ணின் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

இன்று சொட்டுநீர்க் குழாய் வந்துவிட்டது. நல்ல கருவி. ஆயினும் அதற்கும் வெயிலின் கணக்கு உண்டு. கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தால் உள்ளே தேங்கிய நீர் கை பொறுக்காத சூட்டுக்கு ஏறிவிடும். பகலில் திடீரென்று திறந்தால் முதலில் வருவது அந்தச் சூட்டுநீர். இளங்கன்றின் தண்டு வெந்துபோகும். ஆயிரமடி ஆழ்துளைக் கிணற்று நீரும் வெதுவெதுப்பாகவே வரும், ஆனால் அதன் காரணம் வேறு. அது வெயிலின் சூடன்று, புவியின் உள்வெப்பம். ஆழம் நூறு மீட்டர் கூடினால் வெப்பம் இரண்டொரு பாகை கூடும். திறந்த கிணறு ஆண்டின் சராசரியைத் தந்தது. ஆழ்துளை அதற்கும் கீழே போய் வேறோர் உலையைத் தொட்டுவிட்டது. அதை முதலில் தொட்டியில் விட்டு ஓர் இரவு ஆறவைத்துப் பாய்ச்சுவோர் அறிந்து செய்கிறார்கள்.

மாட்டின் வயிற்றைப் பற்றிச் சொன்னேன். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதிக்கலம். அங்கே எண்ணற்ற நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைச் சிதைக்கின்றன; சிதைவில் வெப்பம் பிறக்கிறது. தீனி தின்ற உடனே அன்று, சில மணி நேரம் கழித்தே அந்த வெப்பம் உச்சம் அடையும். காலை பத்து மணிக்குத் தட்டை வெட்டிப் போட்டால் உள்ளே எரியும் அடுப்பும் வெளியே எரியும் வெயிலும் இரண்டு மணிக்குச் சேர்ந்து வரும். மாலை மங்கிய பின் சோளத்தட்டைத் தாராளமாகப் போட்டால் அதே அடுப்பு நள்ளிரவில் எரியும். குளிர்ந்த காற்று அதை வாங்கிக்கொள்ளும். கோடையில் பெருந்தீனி இரவுக்கு என்ற வழக்கத்தின் அறிவியல் இவ்வளவே. பகலில் கழுநீர்த் தாழியும், சிறிது பச்சையும், நிழலும் போதும்.

காங்கேயம் மாடு இந்த வெயிலுக்கென்றே வார்த்தெடுத்த உடல். கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதத்துக்குள் சாம்பல் வெண்மைக்கு மாறும். வெளிர்ந்த மயிர் ஒளியைத் திருப்பி அனுப்பும்; அடியில் கருந்தோல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். தொங்கும் அலைதாடி பரப்பைக் கூட்டுகிறது. குளிர்நாட்டு இனங்களோடு கலந்த கறவை மாடு பால் மிகுதியாகத் தரும். ஆனால் மிகுந்த பால் என்றால் மிகுந்த தீனி, மிகுந்த தீனி என்றால் மிகுந்த உள்வெப்பம். அதன் உடல் வெப்பம் 38.5 பாகையை விட்டு ஏறத் தொடங்கும்போது முதலில் மூச்சு விரையும். அடுத்துத் தீனி குறையும். பால் குறைவது அதற்கும் பின்னால். பால் குறைந்த நாளில் காரணம் தேடுவோர் அதற்கு முந்தைய நாள்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இதை நான் கற்றது ஒரு தவற்றினால். ஒரு கோடையின் தொடக்கத்தில், ஆண்டுதோறும் கீற்று வேயும் வேலை மிச்சமாகும் என்று கட்டுத்தரையின் பழைய கூரையைப் பிரித்துவிட்டு, சிமெண்டு அட்டை போட்டேன். நேராக நின்றது, மழைக்கு ஒழுகாது, அழகாகவும் இருந்தது. அக்கினி நட்சத்திரம் பிறந்து ஒரு கிழமைக்குள் கறவை மாடு நாக்கை வெளியே தள்ளி மூச்சுவாங்கியது. நிழலில்தானே கட்டியிருக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. கட்டுத்தரை வேலை செய்த பெரியவர் ஒருநாள் என்னை அழைத்தார். "ஏனுங்க தம்பி, செத்த இங்க வந்து நின்னு கைய மேல தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கினேன். அட்டையைத் தொடவில்லை, இரண்டு சாண் கீழேயே புறங்கை சுட்டது. அடுப்பின் வாயில் கை நீட்டியது போன்ற சூடு. "மாடு நாள் பூராவும் இதுக்குக் கீழதானுங்க நிக்குது" என்றார் அவர்.

எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர் வீசுகிறது. வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்காக ஏறும். 60 பாகைக்குச் சூடேறிய அட்டை, 35 பாகையில் உள்ள கீற்றைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக மிகுந்த கதிரைக் கீழே வீசுகிறது. கீற்றின் வெப்பநிலை மாட்டின் தோலின் வெப்பநிலைக்கு அருகில் இருப்பதால் கொடுப்பதும் வாங்குவதும் சமமாகி, மாட்டுக்கு அதனால் சுமை இல்லை. அட்டையிலிருந்து மிகையாக வருவது முழுக்கச் சுமை. நிழல் என்பது ஒளியைத் தடுப்பது மட்டும் அன்று என்று அன்று புரிந்தது. மறுநாளே அட்டையின் மேல் தென்னந்தடுக்குகளைப் பரப்பிக் கட்டினோம். வெளுத்த சுண்ணாம்பும் அடித்தோம். மாடு இரண்டு நாளில் தெளிந்தது. பால் தேறக் கூடுதல் நாள் ஆயிற்று.

மரநிழலின் சிறப்பும் இதில்தான். வேம்பு மாசி, பங்குனியில் இலை மாற்றிச் சித்திரைக்குள் புதுத்தழை விரித்துவிடும்; வெயில் கடுமையாகும் நேரத்தில் குடை ஆயத்தமாக இருக்கும். அதன் ஆழ்ந்த வேர் நீரை இழுத்து இலைத்துளை வழியே ஆவியாக விடுகிறது. ஆவியாகும் நீர் இலையின் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆதலால் இலைகள் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். அட்டையைப் போலக் கொதிப்பதில்லை. எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் கிளுவை முள்வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் சேர்ந்தே வளர்வதற்கும் இதுவே பொருள். மரம் புல்லுக்கு மட்டும் துணையன்று; நண்பகலில் மந்தைக்கு வீடு.

ஆவியாதலைப் பற்றி மண்பானை சொல்வதுபோல் வேறெதுவும் தெளிவாகச் சொல்லாது. பங்குனி கடைசியில் அப்பத்தா புதுப்பானை வாங்குவார். பழைய பானை உடையாமல் நன்றாகவே இருக்கும், ஆயினும் வாங்குவார். வீண் செலவு என்று ஐயன் முணுமுணுத்ததுண்டு. எங்கள் பக்கத்து நீர் உப்புநீர், சுண்ணாம்பு மிகுந்தது. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உப்பு அந்தத் துளையிலேயே தங்கிவிடும். ஓராண்டில் துளைகள் அடைபட்டு, பானை வெறும் ஏனமாகிவிடும். வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சுப் படர்ந்த பானை குளிர்ச்சி தராது. அப்பத்தா அதைத் தவிடு போட்டு வைக்கப் பயன்படுத்துவார்.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். பத்து லிட்டர் பிடிக்கும் பானையில் நூறு மில்லி லிட்டர், அதாவது அரைக் குவளை நீர் மட்டும் கசிந்து ஆவியானால், எஞ்சிய நீர் முழுவதும் ஐந்தரைப் பாகைக்கு மேல் குளிர வேண்டும். வெளிக்காற்றின் சூடும் உள்ளே புகுந்துகொண்டே இருப்பதால் கணக்கு அவ்வளவு நேராக வராது. எவ்வளவு குளிரலாம் என்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. அது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. காற்று 40 பாகை, ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 23 பாகை. கடற்கரையில் காற்று 35 பாகைதான், ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் எல்லை 28 பாகைக்கு மேல் நின்றுவிடும். வெயில் மிகுந்த உள்நாட்டில் பானை நீர் தேனாக இருப்பதும், வெயில் குறைந்த கரையோரத்தில் அது ஏமாற்றுவதும் இதனால். அப்பத்தா பானையை ஈர மணல் மேல், நடையில் காற்று ஓடும் வழியில், வெயில் படாமல் வைப்பார். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மாலையில் நீரைக் குடித்த உடனே தெரிந்துவிடும்.

நம் உடலும் ஒரு மண்பானையே. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வையும் சுரக்கும். ஆனால் வழிந்து சொட்டிய வியர்வை குளிர்விப்பதில்லை. தோலின் மேலேயே ஆவியான வியர்வைதான் குளிர்விக்கும். பருத்தித் துண்டைத் தலையில் கட்டிக் களையெடுப்போர் அதை அறிந்தவர்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. காலை பத்து மணிக்கு வரப்போரம் இறங்கும் தூக்குப்போசியில் கம்பங்கூழோ பழையசோறோ மோரும் உப்பும் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு வரும். போன நீரும் போன உப்பும் ஒரே வாயில் திரும்புகின்றன. ஓர் இரவு நொதித்ததால் செரிக்கவும் எளிது.

வெயிலை எதிரியாக மட்டும் கண்டவர்கள் வடகம் போட்டிருக்க மாட்டார்கள். வெளியே எவரும் போகாத அந்தப் பத்து மணி முதல் நான்கு மணி வரையிலான வெப்பத்தையும் வீட்டுப் பெண்கள் வேலைக்கு வைத்தார்கள். காற்றில் உள்ள நீராவி மாறாமல் இருக்க, வெப்பம் மட்டும் 30 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறினால், அந்தக் காற்றின் உலர்த்தும் வேட்கை இரண்டு மடங்குக்கும் மேலாகும். வடகம், சுண்டை வற்றல், கத்தரி வற்றல், மோர் மிளகாய் எல்லாம் இந்த ஒரு மாத வேட்கையைச் சேமித்து வைக்கும் வழிகள். கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து அதன் மேல் கூழைக் கிள்ளி வைப்பார்கள். அடியிலும் காற்று ஓடுவதால் இரு பக்கமும் காயும். தடித்து வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி உள்ளீரத்தை வெளியே விடாது. அப்படிப்பட்ட வடகம் ஆடியில் பூத்துவிடும். ஆகவே மெல்லிதாக வைக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்குக் கட்டாயம் உள்ளே எடுத்தாக வேண்டும். விளையாட்டில் மறந்துபோய் நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சமன்று. இரவில் காற்று குளிரும்போது அதன் ஈரப்பதம் ஏறும். 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். பகலெல்லாம் கொடுத்ததை இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும். மூன்றாம் நாள் அப்பத்தா ஒரு வடகத்தை எடுத்துக் காதருகே வைத்து ஒடிப்பார். 'டக்' என்று ஒலித்தால் காய்ந்தது. ஓசையின்றி வளைந்தால் இன்னும் ஒரு வெயில். அந்த ஒலிக்காக நாங்கள் மூச்சடக்கிக் காத்திருப்போம், எண்ணெய்ச் சட்டி அடுத்து வரும் என்பதால்.

நிலத்தையும் அவர்கள் அப்படியே காயவைத்தார்கள். சித்திரைப் புழுதியைத் தங்கத்துக்கு நிகராக வைத்துப் பேசும் பழமொழி எங்கள் பக்கத்தில் இன்றும் புழங்குகிறது. ஒரு சிறு மழை பெய்து மண் இளகியதும் சரிவுக்குக் குறுக்கே உழுது போடுவார்கள். கட்டிகள் புரள, கூட்டுப்புழுக்கள் மேலே வந்து கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகும். கோரைக்கிழங்கு வெயிலில் சுருங்கிச் சாகும். மண்ணின் நுண்குழாய்கள் அறுபட, ஆழத்து ஈரம் மேலேறி வீணாகாமல் நிற்கும். இவை யாவரும் அறிந்தவை. இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. நன்றாகக் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது, என்றும் ஈரமாகவே இருந்த மண்ணைவிடப் பலமடங்கு விரைவில் அதன் மக்கு சிதைந்து தழைச்சத்து வெளிப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டவர் பர்ச் என்ற அறிவியலர். இன்றும் மண்ணியலில் அது அவர் பெயரால் வழங்குகிறது. வறட்சியில் இறந்த நுண்ணுயிர்களின் உடலும், கட்டி உடைந்து வெளிப்பட்ட மக்கும், பிழைத்த நுண்ணுயிர்களுக்கு ஒரே நேரத்தில் விருந்தாவதே காரணம். மண் எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவுக்கு அந்த முதல் மழை உரமாகிறது. பழமொழி மிகைபடப் பேசவில்லை.

அந்த மழை எங்களுக்குப் பெரும்பாலும் பிற்பகல் முதிர்ந்த பின் வரும். காலை முழுதும் சூடேறிய காற்று மேலெழ, மேகம் மலைப்பக்கம் குவிந்து, நான்கு மணிக்குமேல் இருட்டும். மண்ணின் மணம் மழைக்கு முன்பே வந்துவிடும். தொலைவில் பெய்யும் இடத்திலிருந்து காற்று அதைத் தூக்கி வருகிறது. காய்ந்த மண்ணும் பாறையும் உறிஞ்சி வைத்த எண்ணெய்ப் பொருள்களும், மண்வாழ் நுண்ணுயிர் ஆக்கும் 'சியோசுமின்' என்ற பொருளும் சேர்ந்த மணம் அது. 1964-இல் ஆத்திரேலியாவின் இசபெல் சாய் பியர், ரிச்சர்டு தாமசு ஆகிய இருவரும் அதற்குப் 'பெட்ரிக்கோர்' என்று பெயரிட்டனர். வடநாட்டுக் கன்னோசியில் சுட்ட மண்ணை வடித்து அந்த மணத்தையே நறுமண நெய்யாக இறக்கும் தொழில் அதற்கு முன்பே இருந்தது.

மணம் வந்த உடனே செய்ய வேண்டியவை ஏராளம். களத்தில் காயும் தானியத்தைக் கூட்டிப் படுதா போட வேண்டும். ஆட்டை மரத்தடியிலிருந்து அவிழ்த்துப் பட்டிக்குள் விட வேண்டும். தனியே நிற்கும் பனைக்கும் தென்னைக்கும் கீழே ஒருபோதும் ஒதுங்கக்கூடாது. மின்னல் ஓடும் தடத்தில் காற்று 30,000 பாகை வரை சூடேறும். மரத்தின் சாறு நொடியில் ஆவியாகி மரமே பிளக்கும். மின்னலைக் கண்டதும் நொடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். இடி வந்து சேர மூன்று எண்ணம் ஆனால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணத்துக்குள் வந்துவிட்டால் காட்டில் நிற்கும் நேரம் அன்று அது. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆண்டுதோறும் கோடை மின்னலில் உயிரிழப்போரில் பலர் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு வரலாம் என்று நின்றவர்களே. இதைச் சொல்லும்போதே நெஞ்சு கனக்கிறது.

இரவில் கட்டில்கள் வாசலுக்கு வரும். காரைவீட்டின் மேல்தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். வெளியே வானம் தெளிந்திருந்தால் நிலமும் கட்டிலும் நம் உடலும் தம் வெப்பத்தை நேரே மேலே கதிராக வீசும். திரும்ப அனுப்ப மேகம் இல்லை. மேகமூட்டமான இரவு புழுங்குவதும் விண்மீன் தெரியும் இரவு குளிர்வதும் அதனால்தான். கயிற்றுக் கட்டிலுக்கு அடியிலும் காற்று ஓடும், வடகத்துக்கு ஓடியது போலவே.

எங்கள் கோடைக்கு முடிவு மழையால் வருவதில்லை, காற்றால் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. வைகாசி நடுவில் தென்மேற்குக் காற்று கேரளக் கரையைத் தொடும்போது மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, எஞ்சிய காற்றை இந்த வாய் வழியே எங்கள் மேல் ஊதுகிறது. இன்று காற்றாலைகள் வரிசையாக நிற்பது அந்த ஓட்டத்தில்தான். ஓர் இரவு, கட்டிலில் கிடக்கும்போது, கிழக்கிலிருந்து சோம்பலாக வந்துகொண்டிருந்த காற்று நின்றுபோகும். சற்று நேரம் எதுவும் அசையாது. பிறகு மேற்குப் பக்கத்துப் பனைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சலசலக்கத் தொடங்கும். போர்வையைத் தேடிப் பிள்ளைகள் எழுவார்கள்.

காலையில் அப்பத்தா பானையின் கழுத்தைப் பிடித்துச் சற்றே சாய்த்துப் பார்ப்பார். முதல் நாள் மாலை நிரப்பிய நீர், எவரும் குடிக்காமலே, நாலு விரற்கடை இறங்கியிருக்கும். "மேகாத்து திரும்பிருச்சு" என்று சொல்லிவிட்டு, கூரைக் கீற்றுகளை இழுத்துக் கட்டப் பனைநார் ஊறப்போடுவார்.